சுவரில் தொங்கும் ஓவிய எந்திரம்: இரண்டு மோட்டார், இரண்டு பெல்ட், ஒரு பேனா

பலகையின் மேல் மூலைகளில் மூலைக்கொரு மோட்டார். ஒவ்வொன்றின் மேலும் பற்கள் கொண்ட ஒரு பெல்ட். இரண்டு பெல்ட்டின் முனைகளும் நடுவில் ஒரு பேனாவில் வந்து சேர்கின்றன. ஒரு மோட்டார் இழுக்க, இன்னொன்று விட்டுக்கொடுக்க, பேனா பலகை முழுக்க நகர்கிறது. அவ்வளவுதான் எந்திரம். யூர்க் லேனியும் ஊலி ஃபிராங்கேயும் 2002இல் செய்த ஹெக்டர், இதே அமைப்பில்தான் ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவைச் சுவரில் ஓட்டியது.

முதல் எந்திரமாக இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வழுக்குத் தண்டவாளம், லீட் ஸ்க்ரூ (நீளத் திருகுத் தண்டு) எதுவும் வேண்டாம். பெரிதாக்க வேண்டுமானால் பெல்ட்டை நீளமாக வாங்கினால் போதும். அப்புறம், இதில் நடக்கும் தவறு எல்லாமே காகிதத்தில் கோடாகத் தெரிந்துவிடும்.

என் முதல் எந்திரத்தை எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் மின்சாரம் கொடுத்தேன். மோட்டார்கள் உறுமின, நகரவில்லை. இரண்டு நாள் தேடியதில் கிடைத்தவை மூன்று தவறுகள்: மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளின் (காயில்) வயர் மாறியிருந்தது, மோட்டாரை இயக்கும் சின்ன மின்சுற்றுப் பலகையான டிரைவரில் மின்னோட்டம் போதவில்லை, நிரலில் அடைப்புக்குறி இடம் மாறியிருந்தது. ஒன்றைச் சரிசெய்தால் மற்ற இரண்டும் அதை மறைத்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசையைக் குலைக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு சந்தேகம் மட்டும் இருக்கும்படி அடுக்கியிருக்கிறேன்.

முதலில் காகிதத்தில்

இரண்டு மோட்டாருக்கும் இடையே 1000 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இடது மோட்டாரிலிருந்து வலப்பக்கம் அளப்பது குறுக்கு, கீழ்நோக்கி அளப்பது ஆழம். பேனா எங்கே இருந்தாலும் இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும்:

இடது பெல்ட் = √(குறுக்கு² + ஆழம்²)

வலது பெல்ட் = √((1000 − குறுக்கு)² + ஆழம்²)

பள்ளிக்கூடத்து பிதாகரஸ்தான். தொடக்கப் புள்ளியாகக் குறுக்கு 500, ஆழம் 375 என்று வையுங்கள். 3-4-5 முக்கோணத்தைப் பெரிதாக்கியது போல இரண்டு பெல்ட்டும் சரியாக 625 மி.மீ. வரும். இந்த எண் நமக்குப் பின்னால் நிறைய உதவும்.

இப்போது ஸ்டெப் கணக்கு. நாம் வைப்பது சின்னச் சின்ன அடியாக (ஸ்டெப்) சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார். நெமா 17 அளவு மோட்டார் வழக்கமாக ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், அதாவது ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி. டிரைவரில் 16 மைக்ரோஸ்டெப் வைத்தால், அதாவது ஒரு ஸ்டெப்பைப் பதினாறாகப் பிரித்தால், சுற்றுக்கு 3200. ஜிடி2 என்ற வகைப் பெல்ட்டில் பல்லுக்குப் பல் 2 மி.மீ. 20 பல் கப்பி ஒரு சுற்றில் 40 மி.மீ. பெல்ட்டை இழுக்கும். 3200ஐ 40ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 80 ஸ்டெப். தொடக்கப் புள்ளியில் ஒவ்வொரு பெல்ட்டும் 625 × 80 = 50,000 ஸ்டெப். நிரல் வேறு எண்ணைக் காட்டினால் தவறு மோட்டாரில் இல்லை, கணக்கில்தான் என்று உடனே தெரிந்துவிடும்.

எங்கே வரையலாம் என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் பலகையின் எல்லா இடமும் ஒன்றல்ல. தொட்டிலின் எடை 300 கிராம் என்று கொள்வோம் (பேனாவையும் சர்வோ என்ற குட்டி மோட்டாரையும் தாங்கும் துண்டைத் தொட்டில் என்று சொல்லிப் பழகிவிட்டேன்). ஆழம் 375இல் நடுவே ஒவ்வொரு பெல்ட்டிலும் 250 கிராம் அளவு இழுவிசை. அதே நடுக்கோட்டில் ஆழம் 100க்குப் போனால் 765 கிராம். மோட்டார் இதைத் தாங்கும், அது பிரச்சினையில்லை. பிரச்சினை துல்லியம். ஆழம் 375இல் இரண்டு பெல்ட்டும் 1 மி.மீ. தவறினால் பேனா 1.7 மி.மீ. இறங்கும். ஆழம் 100இல் அதே தவறு 5 மி.மீ. ஆகிவிடும். அதனால் மேலே 200 மி.மீ. காலியாக விடுங்கள். பக்கவாட்டிலும் 200 விடுங்கள். பேனா ஒரு மோட்டாருக்கு நேர் கீழே நெருங்க நெருங்க மற்ற பெல்ட்டில் இழுவிசை கிட்டத்தட்ட இல்லாமல் போய்த் துணிக்கொடி மாதிரி தொய்யும். மிஞ்சுவது 600 மி.மீ. அகலப் பரப்பு. அது போதும்.

மோட்டாரும் டிரைவரும்

நெமா 17 என்பது மோட்டாரின் முகப்பளவைக் குறிக்கும் பெயர் மட்டுமே, வலுவைக் குறிப்பதல்ல. முகப்பு சுமார் 42 மி.மீ. சதுரம், திருகுத் துளைகளுக்கு நடுவே 31 மி.மீ., திருகு எம்3 (3 மி.மீ. தடிமன்), பெரும்பாலும் 5 மி.மீ. தண்டு. நமக்குத் தேவையான வலு குறைவு, அதனால் கிடைத்த நெமா 17 எதுவும் சரி.

நான்கு வயரில் எவை ஜோடி என்று முதலில் கண்டுபிடியுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். சில ஓம் காட்டினால் இரண்டும் ஒரே காயில், எதுவும் காட்டாவிட்டால் வேறு காயில். மீட்டர் இல்லையென்றால் இரண்டு வயரை ஒன்றாக முறுக்கிவிட்டுத் தண்டைக் கையால் சுற்றுங்கள். கடினமாகிவிட்டால் அவை ஜோடி. வயரின் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு மோட்டார்களில்கூட நிறம் மாறி வந்திருக்கிறது.

டிரைவராக ஏ4988 போதும். டிஎம்சி2209 கிடைத்தால் அதையே வாங்குங்கள், சத்தம் வெகுவாகக் குறையும். மணிக்கணக்கில் பக்கத்திலேயே ஓடப்போகும் எந்திரம் இது. ஏ4988இன் கீச்சுச் சத்தம் இரண்டாம் மணி நேரத்தில் எரிச்சலூட்டும். கீழே சொல்வது ஏ4988க்கு.

மோட்டாரின் மேல் 3 வோல்ட் என்று எழுதியிருக்க, நாம் 12 வோல்ட் கொடுக்கப்போகிறோம். பயப்பட வேண்டாம். காயிலின் தூண்டல் மின்னோட்டம் சட்டென்று ஏறவிடாமல் தடுக்கும். மின்னழுத்தம் அதிகமாக இருந்தால்தான் வேகமாக ஓடும்போதும் மின்னோட்டம் நேரத்துக்கு ஏறும். அது எல்லை தாண்டாதபடி டிரைவர் வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்த எல்லையை நாம்தான் வைக்க வேண்டும், டிரைவரின் மேலிருக்கும் சின்னத் திருகைத் திருப்பி.

டிரைவர் போர்டின் மேல் இருக்கும், மின்னோட்டத்தை அளக்க உதவும் இரண்டு உணர்வு மின்தடைகளைப் பாருங்கள். ஆர்100 என்றிருந்தால் 0.1 ஓம், ஆர்050 என்றால் 0.05 ஓம். கணக்கு இதுதான்: விரெஃப் (அந்தத் திருகில் அளக்கும் வோல்ட்) = மின்னோட்டம் × 8 × அந்த மின்தடை. 0.8 ஆம்பியர் வேண்டும், தடை 0.1 ஓம் என்றால் 0.64 வோல்ட். தடை 0.05 என்றால் பாதி, 0.32 வோல்ட். தடையைப் பார்க்காமல் யாரோ சொன்ன வோல்ட்டை அப்படியே வைத்தால் மின்னோட்டம் இரண்டு மடங்காகப் போய்விடும். மீட்டரின் ஒரு முனையை கிரவுண்டிலும் மறு முனையைத் திருகிலும் வைத்து அளந்தபடியே திருப்புங்கள். உலோகத் திருப்புளி நழுவிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் டிரைவர் போச்சு. பீங்கான் திருப்புளி இருந்தால் நல்லது.

இரண்டு விதிகளை மட்டும் மீறக் கூடாது. மோட்டார் மின்சாரம் நுழையும் இடத்தில் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று டிரைவருக்கு அருகிலேயே இருக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது மோட்டார் வயரைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. காயிலில் தேங்கிய ஆற்றல் போக வழியில்லாமல் டிரைவரையே தின்றுவிடும். எனக்குப் போன டிரைவர்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் போயின.

நிரலை ஓட்டும் சின்னக் கணினிப் பலகையான ஆர்டுயினோ ஊனோவும், அதன் மேல் அமர்ந்து டிரைவர்களைத் தாங்கும் சிஎன்சி ஷீல்டும் வைத்துக்கொண்டால் வயரிங் மிகவும் குறைந்துவிடும். முதல் இரண்டு மோட்டாருக்கு ஸ்டெப் பின்கள் 2, 3, திசைப் பின்கள் 5, 6, மோட்டாரை இயங்க அனுமதிக்கும் எனேபிள் பின் 8. டிரைவருக்கு அடியில் இருக்கும் மூன்று ஜம்பரையும் (பின்களை இணைக்கும் சின்ன மூடி) மாட்டினால் ஏ4988 16 மைக்ரோஸ்டெப்பில் ஓடும். டிரைவரைச் செருகும் முன் திசையை இரண்டு முறை பாருங்கள். தலைகீழாகச் செருகினால் புகை வரும்.

ஒரு மோட்டாரை மட்டும் மேசைமேல் வைத்து, தண்டில் காகிதக் கொடி ஒட்டி, 3200 ஸ்டெப் அனுப்புங்கள். கொடி ஒரு முழுச் சுற்று சுற்றித் தொடங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். பத்து சுற்று ஓட்டியும் அதே இடத்தில் நின்றால் அடுத்த மோட்டார். நகராமல் உறுமினால் காயில் ஜோடியைப் பாருங்கள். சில இடங்களில் மட்டும் தவறினால் விரெஃபை.

வெட்டுவதும் அச்சிடுவதும்

மோட்டார் தாங்கிகள் இரண்டும் தொட்டிலும்தான் நாம் செய்ய வேண்டிய பாகங்கள். தாங்கியை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிடாதீர்கள். ஸ்டெப்பர் மோட்டார் நின்றுகொண்டிருக்கும்போதும் மின்னோட்டம் ஓடும், 50 டிகிரிக்கு மேல் சூடாவது சகஜம். பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பிக்கும். பெல்ட்டின் இழுவை தாங்கியை மெல்ல மெல்ல உள்பக்கம் சாய்த்துவிடும். ஒரே நாளில் நடக்காததால் காரணமும் புரியாது. பிஇடிஜி பிளாஸ்டிக் ஏறக்குறைய 80 டிகிரி வரை நிற்கும். லேசரில் வெட்டிய ஒட்டுப்பலகையும் நன்றாக இருக்கும். மோட்டார் முகப்பின் நடுவில் 22 மி.மீ. வட்டமாக ஒரு மேடு இருக்கிறது, அதற்கும் இடம் விட்டு வரையுங்கள்.

முப்பரிமாண அச்சில் துளை எப்போதும் சற்றுச் சிறுத்தே வரும். எம்3 திருகுக்கு 3.3 மி.மீ. வரைந்தால் சிரமமில்லாமல் நுழையும். லேசரில் நிலைமை நேரெதிர்: கதிர் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை எரித்துவிடுவதால் துளை பெரிதாகும், செருகு சுருங்கும். முழுப் பாகத்தை வெட்டும் முன் 2.8, 2.9, 3.0, 3.1 என்று அகலம் மாறும் பள்ளங்களோடு ஒரு சீப்பு வெட்டி, அதே பலகைத் துண்டைச் செருகிப் பாருங்கள். எது இறுகப் பிடிக்கிறதோ அந்த அளவு. பிவிசி பிளாஸ்டிக்கை மட்டும் லேசருக்குள் வைக்கவே கூடாது. குளோரின் சேர்ந்த அமில வாயு வரும், நுரையீரலும் கெடும், எந்திரமும் துருப்பிடிக்கும்.

தொட்டில்

இந்த எந்திரத்தில் அதிகமாகத் திருத்திச் செய்த பாகம் எதுவென்றால் இதுதான். நம் கணக்கில் இரண்டு பெல்ட்டும் ஒரே புள்ளியில், பேனாவின் முனையில் சேர்வதாக வைத்திருக்கிறோம். பெல்ட்டுகளைத் தொட்டில் தட்டின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் கட்டினால் அது பொய்யாகிவிடும். பேனா ஓரத்துக்குப் போகும்போது தட்டு சாயும், முனை கணக்கிலிருந்து விலகும். சரியான வழி, பேனா நுழையும் குழாயைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள். ஒவ்வொரு வளையமும் தன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சுழல வேண்டும். அப்போது பெல்ட் எந்தக் கோணத்தில் இழுத்தாலும் அதன் கோடு பேனாவின் மையம் வழியாகவே போகும். அகலத் துளையுள்ள மெல்லிய பேரிங் இரண்டு கிடைத்தால் வளையம் தயார். இல்லையென்றால் அச்சிட்ட வளையத்தின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து மென்மையாக்கினாலும் ஓடும்.

எடையைக் கீழே வையுங்கள். தொட்டிலின் அடியில் தொங்கும் எடை பேனா ஆடாமல் பார்த்துக்கொள்ளும். பலகையையும் செங்குத்தாக வைக்காமல் ஐந்து முதல் பத்து டிகிரி பின்னால் சாய்த்தால் தொட்டில் தானாகவே காகிதத்தோடு ஒட்டி நிற்கும். பேனா படுத்த நிலையில் எழுதப்போவதால் பால்பாயிண்ட் வேண்டாம். மை முனைக்கு இறங்காது, பத்து நிமிடத்தில் வெறும் கீறல்தான் மிஞ்சும். நார்முனை ஸ்கெட்ச் பேனாக்கள் எந்தக் கோணத்திலும் எழுதும்.

பேனாவைத் தூக்க எஸ்ஜி90 சர்வோ ஒன்று, வெறும் 9 கிராம் எடை. அது பேனாவைத் தூக்குவதில்லை, தொட்டிலையே காகிதத்திலிருந்து 3, 4 மி.மீ. பின்னால் தள்ளுகிறது. 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, 1 முதல் 2 மில்லிசெகண்ட் நீளத் துடிப்பு அனுப்பினால் அதற்கேற்ற கோணத்தில் நிற்கும். இதற்கான 5 வோல்ட்டை ஆர்டுயினோவிலிருந்து எடுக்காதீர்கள். சர்வோ திமிறும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து போர்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடும், படம் பாதியில் நிற்கும். 12 வோல்ட்டிலிருந்து ஒரு பக் கன்வர்ட்டர் (மின்னழுத்தத்தைக் குறைக்கும் பலகை) வைத்துத் தனியாக 5 வோல்ட் கொடுங்கள், கிரவுண்டை மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இணையுங்கள்.

தொங்கவிடுவது

பெல்ட்டின் பற்கள் கப்பியைப் பார்த்திருக்க, ஒரு முனை தொட்டிலுக்கு, மறு முனை கப்பியின் மேலேறி வெளிப்பக்கம் தொங்கட்டும். அந்த முனையில் 80 கிராம் அளவுக்கு எதிர் எடை கட்டுங்கள். தொட்டிலின் எடையைச் சமன் செய்ய அல்ல, பெல்ட் கப்பியைவிட்டுக் கிளம்பாமல் இருக்க. பல் ஒன்று தாவினால் 2 மி.மீ. போய்விடும், அதை எந்த நிரலும் கண்டுபிடிக்காது.

எல்லையைத் தொட்டதும் சொல்லும் லிமிட் சுவிட்ச் வேண்டாம். பலகையில் குறுக்கு 500, ஆழம் 375இல் ஒரு புள்ளி வையுங்கள். மின்சாரம் இல்லாதபோது கப்பிகளைக் கையால் சுற்றி, பேனா முனையை அந்தப் புள்ளியில் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். மோட்டார்கள் அருகிலுள்ள காந்த நிலைக்குச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், அந்த நகர்வு அரை மில்லிமீட்டருக்குள்தான். நிறுத்தும்போது மறந்துவிடாதீர்கள்: மின்சாரம் போனால் பிடிப்பும் போய்விடும், தொட்டில் கீழே வரும். பலகையின் அடியில் ஒரு பஞ்சுத் துண்டு ஒட்டிவைப்பது புத்திசாலித்தனம்.

நிரல்

சிஎன்சி எந்திரங்களுக்கான ஜிஆர்பிஎல் நிரலை அப்படியே ஏற்றினால் சரிவராது. அது இரண்டு மோட்டாரும் குறுக்கையும் நெடுக்கையும் தனித்தனியே நகர்த்துவதாக நினைக்கிறது. ஆகவே ஸ்டெப்பர் மோட்டாரை ஓட்டும் ஆயத்த நிரல் தொகுப்பான ஆக்செல்ஸ்டெப்பர் நூலகத்தை வைத்துச் சின்னதாக நாமே எழுதிக்கொள்வது நல்லது. வேலை இவ்வளவுதான்: கணினியிலிருந்து ஒரு புள்ளி வரும், அதை இரண்டு பெல்ட் நீளமாக மாற்றி, 80ஆல் பெருக்கி, இரண்டு மோட்டாரும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்படி ஓட்டி, முடிந்ததும் "சரி" என்று பதில் அனுப்ப வேண்டும். பதில் வந்தால்தான் கணினி அடுத்த புள்ளியை அனுப்பும். ஊனோவின் நினைவகம் 2 கிலோபைட்தான், முழுப் படத்தையும் அதற்குள் திணிக்க முடியாது.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. குறுக்கு 200லிருந்து 800 வரை, ஆழம் 300இல் ஒரு நேர்கோடு வேண்டும் என்று வையுங்கள். தொடக்கத்தில் பெல்ட்டுகள் 360.6, 854.4, முடிவில் அதுவே மாறி 854.4, 360.6. இரண்டு மோட்டாரையும் ஒரே சீராக ஓட்டினால் நடுவழியில் இரண்டும் 607.5. அந்த நீளத்துக்குப் பேனாவின் ஆழம் 345. நேர்கோடு கேட்டால் நடுவில் 45 மி.மீ. தொங்கும் தோரணம் கிடைக்கும்!

தீர்வு எளிது. கோட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் முடிவுக்கும் பெல்ட் நீளத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். துண்டின் நீளம் நூறில் ஒரு பங்கானால் தொய்வு ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நான் 2 மி.மீ. துண்டு வைக்கிறேன். அதன் தவறு பேனாக் கோட்டின் தடிமனுக்குள் காணாமல் போய்விடும்.

வேகத்தில் பேராசை வேண்டாம். 16 மெகாஹெர்ட்ஸ் ஊனோவில் ஆக்செல்ஸ்டெப்பர் நம்பகமாகத் தருவது நொடிக்கு 4000 ஸ்டெப் அளவுதான். இரண்டு மோட்டார், வர்க்கமூலக் கணக்கு எல்லாம் சேர்ந்தால் அதற்கும் கீழே. நொடிக்கு 25 மி.மீ. வையுங்கள், அது 2000 ஸ்டெப். நிமிடத்துக்கு 40 சுற்றுகூட இல்லை என்பதால் மெல்லத் தொடங்கி முடுக்கும் வேலையும் தேவைப்படாது. அந்த நூலகத்தில் பல மோட்டாரைச் சேர்த்து ஓட்டும் மல்டிஸ்டெப்பர் வகுப்பில் முடுக்கம் இல்லாததும் அதனால் குறையாகத் தெரியாது.

அளவு திருத்தம்

பேனா இல்லாமல் ஒரு பெல்ட்டை மட்டும் 200 மி.மீ. இழுக்கச் சொல்லி அளவுகோலால் பாருங்கள். 200 வராவிட்டால் கப்பியின் பற்களை எண்ணுங்கள், மைக்ரோஸ்டெப் ஜம்பரைப் பாருங்கள். எண்ணைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்ய வேண்டாம். ஜிடி2 பெல்ட், 20 பல் கப்பி, 16 மைக்ரோஸ்டெப் என்றால் மில்லிமீட்டருக்கு 80 ஸ்டெப்தான் வர வேண்டும்.

பிறகு நீண்ட கிடைக்கோடு ஒன்று வரைந்து, அதன் மேல் நேரான ஸ்கேலை வையுங்கள். கோட்டின் நடு கீழே தொங்கினால், மோட்டார்களுக்கு இடையே நீங்கள் நிரலில் கொடுத்த தூரம் உண்மையைவிட அதிகம். நடு மேலே எழும்பினால் குறைவு. தண்டிலிருந்து தண்டுக்கு அளக்காமல், பெல்ட் கப்பியைவிட்டுப் பிரியும் இடத்திலிருந்து அளந்தால் பெரும்பாலும் முதல் முறையிலேயே சரியாகிவிடும். பேனா நகர நகர அந்த இடமும் கொஞ்சம் நகரத்தான் செய்யும். இந்த அளவு எந்திரத்தில் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்.

கடைசியாக 300 மி.மீ. சதுரம். இரண்டு மூலைவிட்டமும் 424.3 வர வேண்டும். ஒன்று நீண்டு மற்றது குறைந்தால் சதுரம் கோணியிருக்கிறது, மோட்டார்களின் இடத்தையும் தொடக்கப் புள்ளியையும் மறுபடி அளந்து பாருங்கள். 

வரையும்போது

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து எஸ்விஜி கோப்பாக எடுக்கும்போது அளவு மாறி வந்தால், அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று பாருங்கள். இப்போது 96, பழைய 0.91 வரையான பதிப்புகளில் 90. பழைய கோப்புகள் ஆறு ஏழு சதவீதம் சுருங்கி வருவதற்கு இதுதான் காரணம்.

இந்த எந்திரத்துக்குப் பிடித்தது நீண்ட, நிற்காத கோடு. சுருளாகச் சுற்றிக்கொண்டே இருட்டான இடத்தில் அதிகம் நடுங்கி, வெளிச்சமான இடத்தில் நேராகப் போகும் ஒற்றைக் கோட்டில் ஒரு முகத்தையே வரைந்துவிடலாம். பேனாவைத் தூக்கவே வேண்டாம். அதற்கு மாறாகப் புள்ளிகளால் ஆன படம் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தூக்கு, ஒரு இறக்கு, ஒவ்வொரு முறையும் தொட்டிலில் ஓர் ஆட்டம். சர்வோவுக்குப் பின் கால் நொடி காத்திருக்கச் சொல்லுங்கள். கோடுகளின் வரிசையையும் மாற்றி, ஒன்று முடியும் இடத்துக்கு அருகில் தொடங்குவது அடுத்ததாக வரும்படி அடுக்குங்கள். வெறுமனே அலையும் நேரம் பாதியாகக்கூடக் குறையும்.

நொடிக்கு 25 மி.மீ. என்றால் மணிக்கு 90 மீட்டர் கோடு. அடர்த்தியான படத்தில் 200 மீட்டர் சுலபமாகச் சேர்ந்துவிடும், ஆகவே தொடங்கும் முன் பேனாவில் மை இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் பேனா மாற்ற நேர்ந்தால் நிரலில் நிறுத்தி மாற்றுங்கள், மோட்டார் மின்சாரத்தை அணைக்காதீர்கள். நிறுத்தும் கட்டளையின் முதல் வேலை பேனாவைத் தூக்குவதாக இருக்கட்டும். நார்முனை காகிதத்தில் அரை நிமிடம் சும்மா நின்றாலே பட்டாணி அளவுக்கு ஒரு கறை ஊறிவிடும்.